செய்தித் தமிழில் குற்றவாளியின் பால்: ஒரு முறையீட்டை முன்வைத்துச் சில கருத்துகள்

சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தவாறு அமைந்திருக்கும் உட்லண்ட்ஸ் நகரில் வாழ்வோருக்குத் தமிழ்ச் செய்தி பல திசைகளிலிருந்தும் வந்து சேர்கின்றது. உள்ளூர் ஒலிபரப்பு ஒருபுறம் இருக்கப் பாலத்துக்கு அப்பாலிருந்து மலேசிய வானொலி அலைகளும், கட்டணத் தொலைக்காட்சி வழியாகத் தமிழகத்து அலைவரிசைகளும் வீட்டுக்குள் நுழைகின்றன. இவற்றுள் ஒன்றில், சென்ற ஆண்டு ஒரு மாலைச் செய்தியறிக்கையில் நாம் கேட்ட ஒரு தொடரே இக்கட்டுரை எழுதப்படக் காரணமாயிற்று. நிலையம் எது, எந்நாட்டது என்பது இங்கு நமக்குத் தேவையன்று. அத்தொடர் எந்த நிலையத்திலும் ஒலித்திருக்கக் கூடியதே.

செய்தி மிகச் சிறியது. பணிபுரிந்த கடையில் பணம் கையாடியதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வளவே. ஆயின் செய்தி வாசித்தவர் அவரைப் ‘பெண் வேடத்தில் இருந்த ஆடவர்’ என்று முதல் வாக்கியத்திலேயே அறிமுகப்படுத்தினார். கையாடலுக்கும் வேடத்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் செய்தியின் எஞ்சிய பகுதி சொல்லவே இல்லை. பணப்பெட்டியின் சாவி அவரிடம் இருந்தது என்பதே குற்றத்துக்குக் காரணமாயிருந்தது.

நாம் அந்நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். இரு வாரங்களில் பண்புடன் கூடிய மறுமொழி வந்தது. காவல்துறை அறிக்கையில் உள்ளவாறே பால் குறிக்கப்பட்டது என்றும், ஆங்கிலச் செய்தியே தங்களுக்கு மூலம் என்றும், நேயர்களுக்குக் குழப்பம் நேரக்கூடாது என்பதே தங்கள் நோக்கம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. இம்மூன்று காரணங்களையும் நாம் புறந்தள்ளவில்லை. தமிழ்ச் செய்தியாளர் ஒரு மணி நேரத்துக்குள் பத்துச் செய்திகளைப் பெயர்த்தாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் என்பதை அறிவோம். எனினும் இம்மூன்றும் தமிழ் மொழியின் இயல்போடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதைத் தமிழ் கற்பிப்போர் ஆராய்வது தகும் என்றே கருதுகின்றோம்.

முதலில் ஆங்கில மூலம் பற்றிய காரணத்தை நோக்குவோம். ஆங்கில நாடுகளில் இப்பூசல் பெரிதும் பதிலிப்பெயரைப் பற்றியது. அம்மொழியின் ஒருமைப் படர்க்கைப் பெயர் ஆண் அல்லது பெண் என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என நெருக்குவது. பன்மைப் பெயரை ஒருமைக்கு வழங்குவோர் இருப்பினும், அதுவே அங்கு மற்றொரு பூசலாகிவிடுகின்றது. தமிழில் நிலை வேறு. ‘அவர்’ என்னும் சொல் இருபாலுக்கும் பொதுவாக நின்று, மதிப்பையும் தாங்கி வருவது. செய்தித் தமிழ் குற்றம் சாட்டப்பட்டவர்க்கும் ‘அவர் கூறினார், அவர் ஒப்புக்கொண்டார்’ என்றே எழுதுகின்றது. ‘ஒருவர்’ என்னும் சொல்லோ இன்னும் தொன்மையானது. அது இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியமே பெயரியலில் விதி வகுத்துள்ளது. நன்னூலும் அதனைத் தழுவிச் செல்கின்றது. ஆகவே, ‘கடை ஊழியர் ஒருவர் கையாடிய பணத்தைத் திருப்பிச் செலுத்தினார்’ என்று எழுதும் தமிழ்ச் செய்தியாளர் எந்த இடத்திலும் பாலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆங்கிலம் தன் இலக்கண அமைப்பினால் சிக்கிக்கொண்ட ஓர் இடரைத் தமிழ் வலிந்து கடன் வாங்கியிருக்கின்றது.

தமிழில் பாலைத் திணிப்பது பதிலிப்பெயரன்று, பெயர்ச்சொல்லே. சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர் ‘ஆடவர்’, ‘மாது’ என்னும் இரு சொற்களின் ஆட்சியை நன்கறிவர். அன்றாடப் பேச்சில் எவரும் வழங்காத இச்சொற்கள் செய்தியில் மட்டும் அகலாது நிற்கின்றன. ஆங்கிலச் செய்தி வயதையும் பாலையும் தொடக்கத்திலேயே தருவதால், அவற்றின் ஈடாக ‘34 வயது ஆடவர்’, ‘52 வயது மாது’ என்னும் வாய்பாடு உருவாகிவிட்டது. இவ்வாய்பாட்டில் பொருந்தாத ஒருவர் செய்தியில் தோன்றும்போது வாய்பாடு கைவிடப்படுவதில்லை. அதற்கு முன் ஓர் அடைமொழி ஒட்டப்படுகின்றது. ‘பெண் வேடத்தில் இருந்த’ என்னும் அடை அவ்வாறு பிறந்ததே.

‘வேடம்’ என்னும் சொல்லையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது மேடைக்குரிய சொல். மறைந்து வாழ்ந்த ஓராண்டில் அருச்சுனன் பிருகன்னளையாக விராடனின் அரண்மனையில் இருந்தது வேடம். நாடகக் குழுக்களில் சிறுவர்கள் தலைவியராகத் தோன்றியதும் வேடம். காலம் முடிந்ததும் களையப்படுவது அதன் இலக்கணம். ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் எவ்வாறு வாழ்கின்றாரோ அதனை வேடம் என்று அழைப்பது, அவர் வாழ்க்கையே ஏமாற்று என்று தீர்ப்பளிப்பதாகும். கையாடல் வழக்கில் நீதிபதி அத்தகைய தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை, செய்தியறையே வழங்கியது.

இனி இலக்கணம். தமிழாசிரியர்கள் பலர், இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுச் சிக்கல் என்றும், மரபிலக்கணத்தில் இதற்கு இடமில்லை என்றும் கூறக் கேட்டுள்ளோம். அது சரியன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கமே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கெனப் பால் காட்டும் ஈறு இல்லை என்றும், அது உயர்திணைப் பால்களின் ஈற்றையே கொள்ளும் என்றும் கூறுகின்றது. அவ்வியலிலேயே சற்றுத் தள்ளி வரும் மற்றொரு நூற்பா, அப்பெயர் ஆண்பாலை உணர்த்தும் முடிபை ஏற்பதற்கு இடமில்லை என விலக்குகின்றது. அதாவது, ‘பேடி வந்தாள்’ என்பது தமிழ். ‘பேடி வந்தான்’ என்பது வழு. உரையாசிரியர்களும் இவ்வழியே எடுத்துக்காட்டுத் தருவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர் இதனை மேலும் தெளிவாக்குகின்றார். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை அவாவுவோர் பெண்பால். இங்குப் பாலைத் தீர்மானிப்பது உடலுறுப்பன்று, அவா. தொல்காப்பியர் ஒரு பக்கத்தை மட்டுமே பேச, நன்னூலார் திருநம்பியரையும் சேர்த்தே விதி செய்துள்ளார். இன்று உலகின் பல நாடுகளில் வழக்காடு மன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு வினாவுக்கு இலக்கணி ஒருவர் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே நூற்பாவில் விடை எழுதிவைத்தார் என்று பெருமை கொள்ளத் தோன்றும். ஆயின் அதே நூற்பாவின் இறுதிப் பகுதி, இவ்விரு சாராரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என இசைவு தருகின்றது என்பதை மறைத்தல் கூடாது. மரபைச் சான்று காட்டுவோர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நம் துறையில் புதிதன்று. அவ்வஃறிணை வழக்குத்தான் பின்னாளில் ‘அது’ என்றும், எண்ணுப்பெயராலும், இங்கு எழுத விரும்பாத பிற சொற்களாலும் தெருவில் ஒலித்தது.

அச்சொற்களிலிருந்து விடுபடத் தமிழ் மேற்கொண்ட முயற்சி அண்மைக் காலத்தது. கூவாகத்து அரவான் வழிபாட்டை ஒட்டி ‘அரவாணி’ என்னும் பெயர் 1990களில் பரவலாயிற்று. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது அதன் பெயரிலும் அச்சொல்லே இடம்பெற்றது. ஒரு சமயத் தொன்மத்தோடு பிணைந்த பெயர் எல்லார்க்கும் பொருந்துமா என்ற வினா எழுந்தது. ‘திருநங்கை’ என்னும் சொல் அதனைப் பின்னுக்குத் தள்ளியது. அதனை முன்மொழிந்தவர் நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் என்பர். அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதனை அரசு வழக்காக்கினார். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தாமே தம் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கோயம்புத்தூரின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்னும் திருநங்கை செய்தி வாசிக்கத் தொடங்கினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் விசாரித்த சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இப்பட்டியலைப் பார்த்தல் நன்று; எல்லாச் சொற்களும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை.

எனவே சொல் இல்லை என்று செய்தியாளர் கூற இயலாது. ஆயினும் சொல் கிடைத்ததனால் மட்டும் செய்தி திருந்திவிடவில்லை என்பதற்குத் தமிழக நாளிதழ்களே சான்று. இழிசொல் போயிற்று, ஆயின் ஒருவரோ இருவரோ செய்த குற்றத்துக்குத் தலைப்பில் ‘திருநங்கைகள்’ என்று பன்மையில் எழுதும் வழக்கம் போகவில்லை. மதிப்புக்காக ஆக்கப்பட்ட சொல் குற்றச் செய்தியின் தலைப்பில் ஏறி ஏறித் தேய்கின்றது.

காவல்துறை அறிக்கை என்னும் இரண்டாம் காரணத்துக்கு வருவோம். அறிக்கையில் உள்ள பால் அடையாள அட்டையில் உள்ள பாலாகும். சிங்கப்பூரின் வரலாறு இதில் தனித்தன்மை உடையது. 1971ஆம் ஆண்டு ஜூலையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இந்நாட்டின் முதல் பால்மாற்று அறுவை மருத்துவம் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் தலைமையில் நடைபெற்றது. அவர் இலங்கையில் பிறந்த தமிழர் என்பதை நம் மாணவர்கள் அறியார். 1973 முதல், அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ள அரசு இடமளித்தது. 1991இல் ஒரு வழக்கில் இத்தகையோரின் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பு வந்தபின், 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. மலேசியாவிலோ அட்டையை மாற்றக் கோரிய வழக்குகளில் தீர்ப்புகள் ஒரே தடத்தில் செல்லவில்லை.

இதன் விளைவு யாது? அறுவை மருத்துவம் முடித்து அட்டையை மாற்றிய ஒருவர் அதே கையாடலைச் செய்திருந்தால் செய்தி ‘மாது’ என்றே சொல்லும். எவரும் எதனையும் கவனிக்கமாட்டார்கள். பணமின்மையாலோ உடல்நலக் காரணத்தாலோ அதனைச் செய்துகொள்ளாதவர் ‘வேடமிட்ட ஆடவர்’ ஆகின்றார். இருவரும் ஒரே புளோக்கில் வசிக்கலாம், ஒரே மின்தூக்கியில் செல்லலாம். அண்டை வீட்டாருக்கு இருவரும் ஒன்றே. அட்டை நிர்வாகத்துக்கு உதவும் ஆவணம். அதனைச் செய்தி மொழியின் அகராதியாக்குவது பொருந்துமா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அது வலுவற்றதன்று. ஸ்காட்லாந்தில் ஐலா பிரைசன் என்பவர் 2016லும் 2019லும் இரு பெண்களை வன்புணர்ந்த குற்றத்துக்காக 2023 ஜனவரியில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். குற்றங்கள் நிகழ்ந்தபோது அவர் ஆணாக வாழ்ந்தவர். வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில் பெண்ணாகத் தம்மை அடையாளப்படுத்தினார். முதலில் பெண்கள் சிறையில் வைக்கப்பட்டுக் கண்டனம் எழுந்தபின் ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டார். அக்காலத்தில் பிரிட்டிஷ் செய்தி நிறுவனங்களுக்குச் சென்ற முறையீடுகள் நம்முடையதற்கு நேர்மாறானவை. ஒரு பெண் மற்றொரு பெண்ணை வன்புணர்ந்தார் என்று எழுதுவது பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் சொன்னதையே திரித்துவிடுகின்றது என்பது அவர்களது குறை. அக்குறையில் நியாயம் உண்டு. மறுபுறம், பிபிசி வானொலியின் ஜஸ்டின் வெப் 2023இல் சதுரங்கப் போட்டி பற்றிய ஒரு பேச்சில் திருநங்கையரை ஆண்கள் என்று விளக்கியது நடுநிலைக்கு மாறானது என அந்நிறுவனத்தின் முறையீட்டுப் பிரிவு 2024இல் கண்டது. ஒரே நிறுவனத்தின் மேசைக்கு இரு திசையிலிருந்தும் கடிதங்கள் வருகின்றன. நம் கடிதத்தைப் படித்த ஆசிரியர் பெருமூச்சு விட்டிருந்தால் அவரைக் குறை கூறமாட்டோம்.

சிங்கப்பூரிலும் எளிதில் விடுவிக்க இயலாத ஒரு வழக்கு உண்டு. சட்ட அறிக்கைகளில் பிஏபி என்னும் எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஒருவர், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தவர், வயது குறைந்த சிறுமி ஒருத்தியிடம் பாலியல் குற்றம் புரிந்தார். 2016இல் உயர் நீதிமன்றம் ஆறு குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. காரணம் இலக்கணமே. தண்டனைச் சட்டத்தின் 376ஏ பிரிவில், குற்றம் புரிபவரின் ஆணுறுப்பைத் தவிர்த்த பிற உறுப்பு எனப் பொருள்படும் தொடர் அப்போது இருந்தது. ஓர் உறுப்பைத் ‘தவிர்த்த’ என்று சொல்ல வேண்டுமாயின் அவ்வுறுப்பு அவருக்கு இருக்க வேண்டும். ஆகவே பெண்ணொருவர் அப்பிரிவுக்குள் வாரார் என நீதிபதி பொருள் கொண்டார். எஞ்சிய குற்றச்சாட்டுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனையே விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தைக் கருத்திற்கொண்டு அப்பொருள்கோளை மறுத்தது, தண்டனை பத்தாண்டுகளாயிற்று. ஓர் ஆறாம் வேற்றுமை உருபின் மேல் பத்தாண்டுச் சிறை நின்றது என்று கூறினால் வேற்றுமை கற்பிக்கும் ஆசிரியர்கள் சற்றே நிமிர்ந்து அமரக்கூடும்.

இவ்வழக்கைச் செய்திகள் ‘ஆணாக நடித்த பெண்’ என்னும் பொருள்படவே பெரும்பாலும் வழங்கின. இங்கு அதனை நாம் முழுமையாகக் கண்டிக்க இயலவில்லை. அவர் எவ்வுடலினர் என்பதே சட்ட வினாவாயிருந்தது. அதனை ஒளித்துவிட்டுச் செய்தி எழுதினால், விடுதலை ஏன், பத்தாண்டு ஏன் என்று நேயருக்கு விளங்காது. சிறுமியும் அவரை ஆண் என்றே நம்பியிருந்தாள். ஆயினும் ‘நடித்த’ என்னும் சொல் வேண்டுமா என்பது வேறு வினா. ‘பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்து வந்தவர்’ என்னும் தொடர் உண்மை எதனையும் மறைக்கவில்லை, எதனையும் கூட்டவுமில்லை. இரண்டு மூன்று சொற்கள் நீளும் என்பதே அதன் குறை.

இவ்விடத்தில் நம் கடிதத்தின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கடிதத்தில் நாம், ‘பெண் வேடத்தில் இருந்த ஆடவர்’ என்பதை நீக்கித் ‘திருநங்கை’ என வழங்குமாறு கேட்டிருந்தோம். அதன் படியை, முன்னர் நம்மிடம் பகுதிநேரமாக இலக்கணம் பயின்ற மாணவி ஒருவருக்குக் காட்டினோம். அவர் திருநங்கை, உட்லண்ட்ஸிலேயே தாயாருடன் வசிப்பவர். பாராட்டுவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் இருமுறை படித்துவிட்டு, சீனர் ஒருவரோ மலாய்க்காரர் ஒருவரோ கையாடினால் இனத்தைச் சொல்லாத செய்தி, இங்கு மட்டும் இதனைச் சொல்ல வேண்டும் என்று நாமே ஏன் கேட்கின்றோம் என வினவினார். அச்செய்தி ஒலித்த மறுநாள் அவர் தாயார் கடைக்குச் செல்லவில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். குற்றவாளி அவர் மகளல்லர்; முன்பின் அறியாத ஒருவர். எனினும் புளோக்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்திருப்போர் தம்மைப் பார்க்கும் பார்வையை அத்தாயார் முன்கூட்டியே அறிந்திருந்தார். ‘திருநங்கை’ என்று மரியாதையாக வாசித்திருந்தாலும் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார் என்றார் மாணவி.

சொல்லைத் திருத்துவதில் முனைந்த நாம், அவ்விடத்தில் சொல்லே வேண்டாமே என்பதை எண்ணவில்லை. மொழியாசிரியர்க்கு இயல்பாக வாய்க்கும் குருட்டுத்தனம் இது. பிழையான சொல்லைக் கண்டால் சரியான சொல்லை அதன் இடத்தில் வைக்கவே கை நீள்கின்றது. இடமே காலியாக இருக்கலாம் என்று தோன்றுவதில்லை.

ஆகவே நிலையத்துக்கு இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினோம். பால் அடையாளம் குற்றத்தின் கூறாகவோ சட்ட வினாவாகவோ இருக்கும்போது அதனை ஏமாற்றுச் சொல்லின்றி நேராகக் கூறலாம். இல்லாதபோது ‘ஊழியர்’, ‘ஓட்டுநர்’, ‘ஒருவர்’ என்னும் சொற்களே போதும். ‘வேடம்’, ‘நடித்து’ என்பவை நீதிமன்றம் ஆள்மாறாட்டத்தைக் கண்டறிந்த வழக்குகளுக்கு மட்டும் உரியனவாகட்டும் எனக் கேட்டோம். முதற் கடிதத்தில் நாம் கேட்டதைத் திரும்பப் பெறுகின்றோம் என்றும் எழுதினோம். ஒரே நேயர் தம் கோரிக்கையைத் தாமே மறுத்து எழுதியது அவர்களுக்கு வியப்பாயிருந்திருக்கலாம். மறுமொழியில் அதனைப் பற்றி ஏதும் இல்லை; செய்தி ஆசிரியர் குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அதன்பின் அந்நிலையத்தின் மாலைச் செய்தியை நாள்தோறும் கேட்டு வருகின்றோம். ‘ஆடவர்’, ‘மாது’ தொடர்கின்றன. சென்ற மாதம் ஒரு மோசடி வழக்கில் ‘41 வயது நபர்’ என்று வந்தது. அவர் யார், ஆணா பெண்ணா என்பது நமக்குத் தெரியாது. செய்தி நன்கு விளங்கிற்று.